பட்டமும் பணியும்: ஆப்பிரிக்க அமெரிக்கர் கல்வி வரலாறு – ஒரு பார்வை

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று பட்டம் பெற்ற கறுப்பின இளைஞர் ஒருவர், விளம்பரம் கண்டு விண்ணப்பித்துப் பிலடெல்பியா நகரில் வேலை பெற்றார். அவருடைய கல்வித் தகுதியும் நற்சான்றுகளும் வேலை வழங்கியோருக்கு நிறைவளித்தன. பணியில் சேர்ந்த சில மணி நேரத்தில் அவர் கறுப்பினத்தவர் என்பது தெரியவந்ததும் நீக்கப்பட்டார். பின்னர் அந்நகரின் பல்கலைக்கழக மன்றத்தில் உணவு பரிமாறும் பணியாளரானார். அவரோடு உடன் பயின்று பட்டம் பெற்ற வெள்ளையர்கள் உணவருந்த வரும் இடம் அது.

இந்நிகழ்வைப் பதிவுசெய்தவர் வரலாற்றறிஞரும் சமூகவியலறிஞருமான டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ். 1899இல் வெளிவந்த அவருடைய 'தி பிலடெல்பியா நீக்ரோ' என்னும் கள ஆய்வு நூலில் இது இடம்பெறுகிறது. டூ பாய்ஸின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். அவ்வாய்வை மேற்கொள்ள அவரை அழைத்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம், வகுப்பறையில் பாடம் நடத்தும் வாய்ப்பை அவருக்கு வழங்கவில்லை. 1897இல் கறுப்பின மாணவர்க்குரிய அட்லாண்டா பல்கலைக்கழகத்திலேயே அவர் ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார்.

ஆப்பிரிக்க அமெரிக்கரின் கல்வி வரலாறு பெரும்பாலும் பள்ளி நுழைவு, கல்லூரிச் சேர்க்கை, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பட்டம் பெறும் உரிமையும் பட்டத்திற்கேற்ற பணி பெறும் உரிமையும் ஒன்றல்ல. ஒன்று கிடைத்த காலத்தில் மற்றொன்று கிடைக்கவில்லை. சில வேளைகளில் ஒன்றின் வெற்றியே மற்றொன்றின் இழப்பாகவும் முடிந்தது. இவ்வுறவை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழில் 1990களில் தலித் இலக்கியம் குறித்த ஆய்வுகள் வலுப்பெற்றபோது கறுப்பின இலக்கியமும் உடன்வைத்துப் பேசப்பட்டது. அவ்விலக்கியத்தில் எழுத்தும் பள்ளியும் உழைப்பும் பெறும் அழுத்தத்தை விளங்கிக்கொள்ளவும் இவ்வரலாறு துணைபுரியும்.

எழுத்தறிவு குற்றமாக இருந்த காலம்

அடிமைமுறை நிலவிய தென்மாநிலங்களில் எழுத்தறிவு ஓர் அரசியல் அச்சமாகக் கருதப்பட்டது. தென் கரோலினா 1740இல் இயற்றிய சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்போர்க்குத் தண்டம் விதித்தது. 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பின்னர்த் தடைகள் மேலும் இறுகின. நாட் டர்னர் படிக்கத் தெரிந்தவர். சமயப் பரப்புரையாளரும் ஆவார். படிக்கத் தெரிந்த அடிமை கட்டுப்படமாட்டான் என்ற எண்ணம் உடைமையாளரிடையே வேரூன்ற அது காரணமாயிற்று.

பிரெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில், பால்டிமோரில் எசமானி தமக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கியதையும், அவர் கணவர் அதனைத் தடுத்ததையும் விவரிக்கிறார். அத்தடையே கல்வியின் ஆற்றலைத் தமக்கு உணர்த்தியது என்பது அவர் கூற்று. இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. டக்ளஸ் பால்டிமோரில் கப்பலின் இடுக்கடைக்கும் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். 1838இல் தப்பி வடக்கே சென்று நியூ பெட்ஃபோர்டில் குடியேறியபோது, வெள்ளைத் தொழிலாளரின் எதிர்ப்பால் அத்தொழில் அவருக்குக் கிட்டவில்லை. கூலி வேலைகளையே செய்து வாழ்ந்தார். எழுத்தைத் தடுத்த தெற்கிலிருந்து விடுபட்டவரைத் தொழிலைத் தடுத்த வடக்கு எதிர்கொண்டது எனலாம்.

விடுதலைக்குப் பின் எழுந்த பள்ளிகள்

உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டுக்குப் பின் கல்வி வேட்கை பெருகியது. விடுதலை பெற்றோர் நலனுக்கெனக் கூட்டரசு அமைத்த செயலகமும் வடமாநிலச் சமய அமைப்புகளும் பள்ளிகளை நிறுவின. கறுப்பின மக்கள் தாமே நிலமும் மரமும் உழைப்பும் கொடுத்துப் பள்ளிகளை எழுப்பினர். அட்லாண்டா (1865), ஃபிஸ்க் (1866), ஹோவர்டு (1867), ஹாம்ப்டன் (1868) ஆகிய உயர்கல்வி நிறுவனங்கள் இக்காலத்தே தோன்றியவை. 1870இல் வெள்ளையர் அல்லாதோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் எழுத்தறிவற்றோராக இருந்தனர். 1910இல் அது ஏறத்தாழ 30 விழுக்காடாகக் குறைந்தது. நாற்பது ஆண்டுகளில், அதுவும் பகைமை நிறைந்த அரசுகளின் கீழ், ஒரு சமூகம் எய்திய இவ்வளர்ச்சி வியத்தற்குரியது.

அரசின் பங்கோ சுருங்கியே இருந்தது. 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்சநீதிமன்றம், தனித்தனியே ஆயினும் சமமான வசதி இருப்பின் போதும் என்ற கொள்கையை ஏற்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் கறுப்பினத்தவர்க்கான உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டு வெள்ளையர் பள்ளி மட்டும் தொடர்ந்தமை குறித்த வழக்கில், அம்மூடலில் தலையிட நீதிமன்றம் மறுத்தது. 'தனித்தனி' என்பது நடைமுறையாயிற்று. 'சமம்' என்பது ஏட்டளவில் நின்றது. இவ்விடைவெளியை நிரப்ப, வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டின் நிதியுதவியுடன் 1912 முதல் 1932 வரை தெற்கில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் கட்டப்பட்டன. ஊர்மக்களும் தம் பங்கை ஈடாகத் திரட்டவேண்டும் என்பது இவ்வுதவியின் நிபந்தனை. பொதுப்பள்ளிக்கு வரி செலுத்திய கறுப்பின மக்கள், தம் பிள்ளைகளின் பள்ளிக்கு மீண்டும் ஒருமுறை பணம் தந்தனர்.

தொழிற்கல்வியும் உயர்கல்வியும்

எத்தகைய கல்வி வேண்டும் என்பது குறித்துப் புக்கர் டி. வாஷிங்டனுக்கும் டூ பாய்ஸுக்கும் இடையே நிகழ்ந்த கருத்துப்போர் பலரும் அறிந்தது. ஹாம்ப்டனில் பயின்ற வாஷிங்டன் 1881இல் அலபாமாவில் டஸ்கீகி நிறுவனத்தைத் தொடங்கினார். மாணவர்களே செங்கல் அறுத்துக் கட்டடங்களை எழுப்பினர். கைத்தொழில் திறனும் பொருளீட்டும் ஆற்றலும் வாய்த்தால் உரிமைகள் பின்தொடரும் என்று அவர் கருதினார். 1903இல் டூ பாய்ஸ் இதனை மறுத்து, உயர்கல்வி பெற்ற தலைமையே சமூகத்தை உயர்த்தும் என வாதிட்டார்.

இவ்விவாதம் கல்வியின் வகை பற்றியது. கற்றவரை யார் பணியமர்த்துவர் என்னும் வினாவுக்கு இரு கொள்கைகளும் முழுமையான விடை தரவில்லை. தச்சும் கொல்லும் கற்றவரைக் கைத்தொழிற் சங்கங்கள் பல சேர்க்கவில்லை. இருப்புப்பாதைத் தொழிலாளர் சங்கங்கள் சில, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் எனத் தம் விதிகளிலேயே வரையறுத்திருந்தன. உயர்கல்வி பெற்றோரின் நிலையைப் பிலடெல்பியாப் பொறியாளரின் வாழ்வே காட்டும். பட்டம் பெற்றோருள் சிலர் புல்மன் தொடர்வண்டிகளில் பயணிகளுக்குப் படுக்கை விரிக்கும் பணியையும், அஞ்சல் துறைப் பணியையும் ஏற்றனர்.

கற்றோர்க்குத் தடையின்றித் திறந்திருந்த தொழில்கள் கறுப்பின மக்களுக்குத் தொண்டு செய்யும் தொழில்களே. ஆசிரியர், சமயப் போதகர், சிறுபான்மையாக மருத்துவர், வழக்கறிஞர் எனும் அளவில் அவை அமைந்தன. அவற்றுள்ளும் ஆசிரியப் பணியே தலையாயது. இனப் பிரிவினையால் உருவான பள்ளி, கறுப்பினப் பட்டதாரியின் முதன்மை வேலைக்களமாகவும் விளங்கியது. இவ்வரலாற்றின் பிற்பகுதியை விளங்கிக்கொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

நீதிமன்ற வழிப் போராட்டம்

ஹோவர்டு சட்டக் கல்லூரியைச் சீரமைத்த சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், வழக்கறிஞர்களைச் சமூகப் பணிக்கெனப் பயிற்றுவித்தார். அவருடைய மாணவருள் ஒருவர் தர்குட் மார்ஷல். மார்ஷலின் சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரியில் அப்போது கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. 1933இல் ஹோவர்டில் சட்டம் பயின்று தேர்ந்த அவர், ஹூஸ்டனுடன் இணைந்து, டொனால்டு மரே என்பவருக்காக அதே மேரிலாந்துக் கல்லூரிக்கு எதிராக வழக்காடினார். 1936இல் மேல்முறையீட்டிலும் வெற்றி கிட்டியது. 1938இல் லாயிட் கெயின்ஸ் வழக்கில், தன் மாநிலத்து மாணவரை வேறு மாநிலத்துக்கு அனுப்பிக் கட்டணம் தருவது சமமாகாது என மிசௌரி மாநிலத்துக்கு எதிராக உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1950இல் முடிவுற்ற ஸ்வெட் வழக்கு இக்கட்டுரையின் நோக்கில் தனித்துக் கருதத்தக்கது. ஹீமன் ஸ்வெட் பட்டதாரி. ஹூஸ்டன் நகரில் அஞ்சல் பட்டுவாடா செய்து வந்தவர். டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் அவரைச் சேர்க்க மறுத்த மாநில அரசு, கறுப்பினத்தவர்க்கென வேறு சட்டக் கல்லூரியை அவசரமாக அமைத்தது. உச்சநீதிமன்றம் கட்டடத்தையும் நூல்களையும் மட்டும் ஒப்பிட்டு அமையவில்லை. ஆசிரியர் புகழ், முன்னாள் மாணவர் செல்வாக்கு ஆகியவற்றையும் கணக்கிற்கொண்டது. அம்மாநில மக்கள்தொகையில் 85 விழுக்காட்டினரான வெள்ளையரை அறவே விலக்கிய கல்லூரியில் பயில்பவர், பிற்காலத்தில் தாம் தொழில் நடத்தவேண்டிய வழக்கறிஞர், நீதிபதி, சான்றாளர் ஆகியோருள் பெரும்பாலோரோடு பழக இயலாது என்பதையும் சுட்டியது. கல்வியைத் தொழில்வாழ்வின் தொடக்கமாக நீதிமன்றம் கண்ட தருணம் இது. 1954 மே 17இல் வெளிவந்த பிரவுன் வழக்குத் தீர்ப்பு, பொதுப்பள்ளிகளில் இனப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது.

வேலைக்கான போராட்டம்

நீதிமன்றத்தில் கல்வி வழக்குகள் நடந்த அதே காலத்தில், தொழிற்சங்கத் தளத்தில் வேலை உரிமைப் போராட்டம் நடைபெற்றது. 1925இல் புல்மன் தொடர்வண்டிப் பணியாளர் சங்கத்தைத் தொடங்கிய ஏ. பிலிப் ராண்டால்ஃப், பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937இல் அந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டார். 1941இல், போர்த்தளவாடத் தொழிற்சாலைகள் கறுப்பினத்தவரை ஒதுக்குவதைக் கண்டித்து வாஷிங்டன் நோக்கிப் பேரணி நடத்தப்போவதாக அவர் அறிவித்தார். பேரணியைத் தவிர்க்க விரும்பிய குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், ஜூன் 25 அன்று 8802ஆம் ஆணையைப் பிறப்பித்தார். பாதுகாப்புத் தொழில்களிலும் அரசுப் பணிகளிலும் இனப் பாகுபாட்டை அது தடைசெய்தது. அதன் கீழ் அமைந்த குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லையெனினும், அவ்வாணை சில கதவுகளைத் திறந்தது.

அக்கதவுகளுள் ஒன்று வர்ஜீனியாவின் லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடம். 1929இல் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று பட்டம் பெற்ற டாரதி வான், ஃபார்ம்வில் ஊரின் மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். 1943இல் லாங்லியில் கணிப்பாளராகச் சேர்ந்தபோது, ஆசிரியப் பணியில் பெற்றதைப்போல் இரு மடங்குக்கும் மிகுதியான ஊதியம் பெற்றார். 1937இல் பதினெட்டு வயதில் பட்டம் பெற்ற கேத்தரின் ஜான்சனும் முதலில் ஆசிரியையே. கெயின்ஸ் தீர்ப்பைத் தொடர்ந்து மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் தன் முதுநிலை வகுப்புகளில் முதன்முதலாகச் சேர்த்த கறுப்பின மாணவர் மூவருள் அவரும் ஒருவர். 1953இல் லாங்லியில் சேர்ந்து, 1962இல் ஜான் கிளென் புவியைச் சுற்றிவந்த பயணத்துக்குரிய கணக்குகளைச் சரிபார்த்தார். அங்கும் கறுப்பினப் பெண்களுக்குத் தனி அலுவலகமும் தனி உணவு மேசையும் ஒதுக்கப்பட்டிருந்தன. மேரி ஜாக்சன் பொறியாளராக உயர்வதற்குரிய வகுப்புகள் வெள்ளையர் பள்ளிக் கட்டடத்தில் நடந்தமையால், அங்கு நுழைய நகர நிருவாகத்திடம் தனி இசைவு பெறவேண்டியிருந்தது. 1958இல் அவர் பொறியாளரானார்.

இப்பெண்களின் கணித அறிவு 1941ஆம் ஆண்டு ஆணையால் உண்டானதன்று. அது முன்பே இருந்தது. அதனைப் பணிக்கொள்ளும் இடம் மட்டுமே புதிதாகத் தோன்றியது. மனித ஆற்றல் எத்தனை ஆண்டுகள் பயன்கொள்ளப்படாமல் கழிந்தது என்பதற்கு இதுவே சான்று.

வெற்றியின் விலை

டாரதி வான் கற்பித்த அதே மோட்டன் பள்ளியில், 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்னும் பதினாறு வயது மாணவியின் தலைமையில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இடநெருக்கடியும் தார்த்தாள் போர்த்திய கொட்டகை வகுப்பறைகளும் அவர்களின் குறைகள். அதிலிருந்து எழுந்த வழக்கு, பிரவுன் வழக்கோடு இணைத்து விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளுள் ஒன்றாயிற்று. தீர்ப்பை ஏற்க விரும்பாத பிரின்ஸ் எட்வர்டு மாவட்ட நிருவாகம், 1959 முதல் 1964 வரை அனைத்துப் பொதுப்பள்ளிகளையும் மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் ஐந்தாண்டுகள் பள்ளியின்றிக் கழித்தனர்.

மற்றோர் இழப்பு இதனினும் பரவலானது. பிரவுன் தீர்ப்பு மாணவரைப் பற்றிப் பேசியது. ஆசிரியரைப் பற்றிப் பேசவில்லை. தீர்ப்பு வருமுன்பே, 1953 மார்ச்சில், வழக்கு எழுந்த டொபீகா நகரின் பள்ளிக் கண்காணிப்பாளர் கறுப்பின ஆசிரியை ஒருவருக்கு மடல் எழுதினார். பிரிவினை நீங்கினால் பெரும்பான்மையோர் கறுப்பின ஆசிரியரை விரும்பமாட்டார்கள் என்றும், ஆதலின் அடுத்த ஆண்டு பணி உறுதியில்லை என்றும் அதில் தெரிவித்தார். பள்ளிகள் இணைக்கப்பட்டபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. 1954க்கும் 1965க்கும் இடையே தெற்கு, எல்லைப்புற மாநிலங்கள் பதினேழில் கறுப்பின ஆசிரியரும் தலைமையாசிரியருமாக ஏறத்தாழ 38,000 பேர் பணியிழந்தனர் எனக் கல்வி வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுவர். கற்ற கறுப்பினத்தவரின் முதன்மையான வேலைக்களமே இவ்வாறு சுருங்கியது. பிரிவினை நீக்கம் தவறானது என்பது இதன் பொருளன்று. கல்வி உரிமையை வழங்கிய அரசு, அதனோடு பிணைந்திருந்த பணியுரிமைக்குக் காப்பளிக்கவில்லை என்பதே இங்குப் பெறப்படும் உண்மை.

சான்றிதழே தடையாதல்

1963 ஆகஸ்டு 28இல் நடந்த வாஷிங்டன் பேரணியின் முழுப்பெயர் வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி என்பதாகும். பெயரில் வேலை முதலில் நிற்பது கருதத்தக்கது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி, வேலையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அப்பகுதி 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது.

வட கரோலினாவில் டியூக் மின்நிறுவனத்தின் டான் ரிவர் நிலையத்தில் 95 பணியாளருள் 14 பேர் கறுப்பினத்தவர். அவர்களுக்குக் கூலிப் பிரிவு ஒன்றே திறந்திருந்தது. அப்பிரிவின் மிக உயர்ந்த ஊதியமும் பிற பிரிவுகளின் மிகக் குறைந்த ஊதியத்தை எட்டவில்லை. 1955இல் பிற பிரிவுகளுக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில் திறனறித் தேர்வுகளும் சேர்க்கப்பட்டன. 1960ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அம்மாநில வெள்ளை ஆண்களில் 34 விழுக்காட்டினரும் கறுப்பின ஆண்களில் 12 விழுக்காட்டினரும் மட்டுமே உயர்நிலைக் கல்வியை முடித்திருந்தனர். விதி வருமுன் சேர்ந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளையரோ குறைவின்றிப் பணிபுரிந்து வந்தனர். 1971இல் கிரிக்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், பணியோடு தொடர்பில்லாத தகுதி விதி, நோக்கத்தால் இல்லையெனினும் விளைவால் பாகுபாடு செய்யுமாயின் செல்லாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பள்ளியை மறுத்த சமூகமே பள்ளிச் சான்றிதழைக் கேட்ட முரணை இவ்வழக்கு வெளிப்படுத்தியது.

அண்மைக்காலப் போக்குகள்

1965இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் பிறப்பித்த 11246ஆம் ஆணை, அரசு ஒப்பந்தக்காரர்கள் சமவாய்ப்புக்கென முனைந்து செயற்படவேண்டும் எனப் பணித்தது. 1978இல் பக்கி வழக்கில், கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐ ஒதுக்கியது செல்லாது எனவும், இனத்தைப் பல கூறுகளுள் ஒன்றாகக் கருதலாம் எனவும் தீர்ப்பாயிற்று. 2003இல் மிச்சிகன் சட்டக் கல்லூரி வழக்கில் இந்நிலைப்பாடு உறுதிசெய்யப்பட்டது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலினாப் பல்கலைக்கழகங்களைப் பற்றிய வழக்குகளில் உச்சநீதிமன்றம் இதனின்று விலகி, சேர்க்கையில் இனத்தைக் கருதும் முறை செல்லாது என்றது. 11246ஆம் ஆணையும் 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. இவ்வாறு இரு வாயில்களுக்கும் உரிய சிறப்பு ஏற்பாடுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பின்வாங்கப்பட்டன.

வேலைச் சந்தையின் நடைமுறையை 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகர வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனைத் தன்விவரக் குறிப்புகளை அனுப்பினர். வெள்ளையர்க்குரியனவாகத் தோன்றும் பெயர்கள் தாங்கியவை, கறுப்பினத்தவர் பெயர் தாங்கியவற்றைவிட 50 விழுக்காடு மிகுதியான அழைப்புகளைப் பெற்றன. தகுதியை உயர்த்திக் காட்டியபோது வெள்ளைப் பெயர்களுக்கு அழைப்புகள் தெளிவாகக் கூடின. கறுப்பினப் பெயர்களுக்கு அக்கூடுதல் மிகச் சிறிதே. கற்றதற்கேற்ற பயன் இருவர்க்கும் ஒன்றாக அமையவில்லை என்பது இதனால் புலனாகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே கல்வி வேட்கை எக்காலத்தும் குறைவுற்றதில்லை. கற்றவர்க்கு இடமளிக்கும் மனமும் சட்டமுமே குறைவாக இருந்தன. லாங்லியிற்போல வேலைவாயில் திறந்தபோது, நெடுங்காலம் முடங்கியிருந்த கல்வி உடனே பயன் தந்தது. கல்விச் சீர்திருத்தம் பணியுரிமையைக் கருதாது நிகழ்ந்தபோது, பிரவுன் தீர்ப்புக்குப் பின் கண்டதுபோல, பெற்றதோடு இழப்பும் சேர்ந்தே வந்தது.

ஆதலின் ஒரு சமூகத்தின் கல்வி வரலாற்றைச் சேர்க்கை எண்ணிக்கையாலும் பட்டங்களின் தொகையாலும் மட்டும் அளவிடுதல் பொருந்தாது. அவ்வாறு அளந்தால், பிலடெல்பியாவில் உணவு பரிமாறி நின்ற அப்பொறியாளரும் பட்டம் பெற்றோர் பட்டியலில் வெற்றி கண்டவராகவே எண்ணப்படுவார்.